அக்கா, என்ன போட்டனீங்கள்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எப்படிப் பார்ப்பது, எப்படிப் பதிவது என்பதற்கெல்லாம் தடித்த கையேடு ஒன்று இருக்கிறது. அதை வாசித்திருப்பீர்கள். அல்லது வாசித்ததாகக் கையெழுத்து வைத்திருப்பீர்கள், என்னைப்போல. அதில் இல்லாத ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காட்டுச் சிம்பன்சிகளின் சண்டை சச்சரவுகளைப் பல வருடங்கள் பார்த்துப் பார்த்து எழுதியவள் நான். ஆனால் உகண்டாவுக்கு ஒருநாளும் போனதில்லை. அந்தக் காட்டின் அத்திமரங்களை எனக்குத் தெரியும், ஓடையைத் தெரியும், யார் எந்தக் கொப்பில் படுப்பார் என்றுகூடத் தெரியும். எல்லாம் லண்டனில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே யன்னலில்லாத கீழ்த்தள அறையில் இருந்து பார்த்தவைதான். மனோர் பார்க்கில் ரயில் ஏறும்போது என் கணவர், "என்ன, குரங்கு பாக்கப் போறீரோ?" என்று கேட்பார். வால் இல்லாதது குரங்கில்லை என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் கிழக்கு லண்டனில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் கண்காணிப்புக் கமரா அறையில் இருந்தேன். நேர்முகத்துக்கு வந்தபோது பொறுப்பாளர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒன்றுமே நடக்காத திரையை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?" "இதுவரைக்கும் அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் தந்தவை," என்றேன். சிரித்துவிட்டு வேலையைத் தந்தார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். காட்டில் மரங்களில் கட்டிய கமராக்கள் ஏதாவது அசைந்தால் விழித்துக்கொண்டு படம் பிடிக்கும். அந்தத் துண்டுப் படங்கள் இங்கே வரும். யார், யாருக்கு, என்ன செய்தது என்று நாங்கள் தாளில் பதிவோம். ஒரே துண்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். இரண்டு தாளும் ஒத்துப்போனால் அது உண்மை என்று மேலே போகும். இந்த "தனித்தனியாக" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். என் கதையே அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் சின்னப் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். வந்த புதிதில், இரண்டு ஆண்கள் கட்டிப் புரண்டு கடித்த துண்டு ஒன்று கிடைத்தது. அடித்தவர், அடிவாங்கியவர், அழுதவர், ஓடியவர் எல்லாம் பதிந்து, சண்டை முடிந்தது என்று அடுத்த காட்டுப்பகுதிக்குத் தாவிவிட்டேன். பொறுப்பாளர் அம்மா பின்னால் வந்து நின்று, "பிறகு?" என்றார். "பிறகென்ன, முடிந்துவிட்டது," என்றேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு, அதே கமராவின் அடுத்த துண்டுகளை ஓடவிட்டார். அடித்தவர் ஒருபக்கம், அடிவாங்கியவர் மறுபக்கம். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்றும் இலையையே காணாதவர்கள் மாதிரி இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அடித்தவர் கையை மெல்ல நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. மற்றவர் திரும்பாமலே விரலைத் தொட்டார். அதன் பிறகு பேன் பார்க்கத் தொடங்கினார்கள்.

என் வீட்டிலும் அப்படித்தான். சண்டை பிடித்த அன்று என் கணவர் ஒரு சொல்லும் பேசாமல் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். சத்தம் நின்ற இடத்தில் படத்தை நிறுத்தினால் எங்கள் குடும்பத்தைப் பற்றியும் பிழையாகத்தான் எழுதுவீர்கள். ஆகவே பிறகு என்ன நடந்தது என்று பார்க்க நான் பழகிக்கொண்டேன். முன்னால் என்ன நடந்தது என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் சில வருடங்கள் பிடித்தன.

இனிப் பெரிய பிழைக்கு வருகிறேன்.

கையேட்டில் பட்டப்பெயர் வைக்காதே என்று எழுதியிருக்கிறது. நான் வைத்தேன். கூட்டத்தின் தலைமை ஆண், நரைத்த முதுகும் அகன்ற தோளுமாக, அவர் வந்தால் எல்லோரும் வழிவிடுவார்கள். ஊரில் கிராம அதிகாரியான விதானையார் வரும்போது வேலிப் படலையடியில் நிற்கிறவர்கள் ஒதுங்குகிற மாதிரியே இருக்கும். ஆகவே அவர் விதானையார். அவருக்குச் சவால்விடத் தொடங்கிய இளவயதுத் துடியாட்டக்காரன் இளந்தாரி. முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு, எந்தச் சண்டை வந்தாலும் முதல் ஆளாக மரம் ஏறிவிடும் பெண்ணுக்கு மாமி என்று பெயர். போகப்போக அறையிலும் காட்டிலும் எல்லோர் வாயிலும் இந்தப் பெயர்களே வந்துவிட்டன. ஒருவரை அவர் என்றும் மற்றவனை அவன் என்றும் சொல்லப் பழகியபோதே என் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

பின்னர் ஒரு பருவத்தில் கூட்டம் இரண்டாகப் பிரியத் தொடங்கியது. முன்பு ஒரே அத்திமரத்தில் தோளோடு தோள் உரசி உண்டவர்கள், ஓடைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் என்று ஒதுங்கினார்கள். இந்தப்பக்கம் விதானையார், அந்தப்பக்கம் இளந்தாரி. எல்லையில் ஆண்கள் சத்தமில்லாமல் வரிசையாக நடந்து காவல் பார்த்தார்கள். மறுபக்கத்தில் ஒரு குரல் கேட்டால் மயிர் சிலிர்த்து ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டார்கள். கிழக்கு லண்டனில் நம்மவர் சங்கங்கள் இரண்டாக உடைகிறதைப் பார்த்தவளுக்கு இது புதினமில்லை. ஆனால் அங்கே ஆளுக்கொரு பொங்கல் விழா வைத்துத் தப்பிக்கொள்வார்கள். காட்டில் ஆள் சாகும்.

எங்கள் ஆய்வுக்குத் தேவைப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: முதலில் கைவைப்பது யார்?

காட்டில் எங்களுக்காக நடந்தவர் மோசஸ். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். காலையில் கூட்டம் எழும்ப முன்பே போய், அவர்களைப் பின்தொடர்ந்து, கண்டதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார். அந்தப் பக்கங்களும் எங்களுக்கு வரும். அந்தப் பருவத்தில் அவருடைய குறிப்பும் எங்கள் தாளும் முட்டிக்கொண்டன. எங்கள் தாளில், தொடங்கியவன் இளந்தாரி. அவருடைய குறிப்பில், தொடங்கியவர் விதானையார். ஒருமுறை என்றால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப அப்படியே வந்தது.

ஒரு திங்கட்கிழமை பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "மோசஸ் காட்டுக்குப் போகாமல் முகாமில் இருந்து எழுதுகிறாரோ என்று யோசிக்கிறோம். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவெடுக்கவேண்டும். உங்களுடைய தாளும் நிருஜாவுடைய தாளும் ஒத்துப்போகின்றன, அல்லவா?"

"ஓம்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்த அறையில் எங்களைப் போல ஒத்துப்போகிற சோடி வேறு இல்லை.

என் சோடி நிருஜா. லண்டன் ஹரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நேராக வந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை என்னோடு மட்டும் கவனமாகப் பேசுவாள், மற்றவர்களோடு ஆங்கிலம். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்த இடத்தில் என்னை மட்டும் அக்கா என்பாள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து, எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்று கேட்பாள். நானும் தாளைத் திருப்பிக் காட்டுவேன். பிள்ளை கற்றுக்கொள்ளட்டுமே என்ற நினைப்பு.

இப்போது உங்களில் சிலர் தலையில் கைவைத்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை.

மோசஸுக்குத் தன் வேலை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்திருந்தது. அவர் நீளமாக வாதாடவில்லை. முட்டிக்கொண்ட துண்டு ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு வரிதான் அனுப்பினார்: "அந்தப் பெண்ணைப் பாருங்கள். அவள் ஏற்கெனவே மரத்தில் இருக்கிறாள்."

புதன்கிழமை அந்தத் துண்டைத் திரும்ப எடுத்தேன். படம் தொடங்கும்போதே இளந்தாரி பாய்ந்து விதானையாரின் முதுகில் அறைகிறான். ஐயமே இல்லை, அடித்தவன் அவன்தான். முன்பு நான் அந்த இரண்டு பேரையும்தான் பார்த்தேன். இந்தமுறை அவர்களைக் கையால் மறைத்துக்கொண்டு மேல் மூலையைப் பார்த்தேன். முதல் படத்திலேயே மாமி உயரக் கொப்பில் இருக்கிறாள். வாய் திறந்து, பல் தெரியக் கத்திக்கொண்டிருக்கிறாள். குட்டி வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே, விதானையாரின் காலடியில், முறித்து இழுத்துவந்த கொப்பு ஒன்று கிடக்கிறது.

அவன் அறைவதற்கு முன்னாலேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது. குட்டியோடு இருந்தவளை அவர் அந்தக் கொப்பை இழுத்துக்கொண்டு விரட்டியிருக்கிறார். அவள் ஏறி முடித்த பிறகுதான் கமரா விழித்திருக்கிறது. நான் பதிந்தது சண்டையின் தொடக்கத்தை அல்ல, படத்தின் தொடக்கத்தை. கமரா அறையில் இருந்த காலத்திலும் இப்படித்தான்: சத்தம் கேட்டுக் கமராவைத் திருப்பினால், திருப்பி அடிக்கிறவன்தான் முதலில் அகப்படுவான். அதை அறிந்தவளே இந்தப் பிழையை விட்டேன். விதானையார் அப்படிச் செய்யமாட்டார் என்று எனக்குள் யாரோ இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கையேட்டில் "தெரியவில்லை" என்று ஒரு பதிவு உண்டு. நாங்கள் யாரும் அதைப் போடுவதில்லை. அதைப் போட்டால் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்ற பயம். ஆனால் அதற்காக, தனித்தனியாகப் பார்க்கிற இரண்டு பேரும் துண்டுக்குத் துண்டு அதே பிழையை எப்படி விடுவது? நிருஜாவைக் கூப்பிட்டு மேல் மூலையைக் காட்டினேன்.

"இதைப் பாரும் பிள்ளை. நாங்கள் ரெண்டு பேரும் மாமியைக் கவனிக்கேல்லை."

அவள் திரையைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கவனிச்சனான் அக்கா."

"என்ன?"

"முதல் நான் தெரியேல்லை எண்டுதான் போட்டனான். பிறகு வந்து பாக்க, நீங்கள் இளந்தாரி எண்டு போட்டிருந்தனீங்கள். அதால மாத்திப்போட்டன்."

"இந்த ஒண்டு மட்டுமோ?"

அவள் கோப்பையை என் மேசையில் வைத்தாள். பிறகு, "நிறைய," என்றாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"அக்கா... யூ ஆர் அக்கா." அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

அவளை ஏசவேண்டும் என்றுதான் முதலில் வந்தது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கம் கெட்ட சிரிப்பு. காட்டில் சின்ன ஆண் ஒருவன் விதானையாரைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "உஹ் உஹ் உஹ்" என்று மூச்சுமுட்ட முனகிக்கொண்டு கிட்ட வருவான். நீர்தான் பெரியவர், நான் ஒன்றும் எதிர்க்க வரவில்லை என்பது அதன் பொருள். ஆயிரம் தடவை அதைச் சரியாகப் பதிந்தவள் நான். என் மேசைக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒவ்வொரு நாளும் வந்த அதே முனகலை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாசமும்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் விதானையாராக இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. என் நிலைமையைச் சொல்கிறேன். வாய் திறக்காவிட்டால் மோசஸ் போவார். உண்மையை எழுதியதற்காகவே போவார். வாய் திறந்தால் நான் வாங்கிய நல்ல பெயரெல்லாம் போகும். அதுகூடப் பரவாயில்லை, எனக்கு ஓய்வுக்கு அதிக காலம் இல்லை. நிருஜா என்ன ஆவாள்? தாளைப் பார்த்து மாற்றியவள் அவள். கையேட்டின்படி அது பெரிய குற்றம். முதல் வேலை, முதல் வருடம்.

வியாழக்கிழமை முழுவதும் யோசித்தேன். கமரா மெதுவாக விழிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிருஜாவின் விஷயத்தை விழுங்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால், இரண்டு பேரின் தாள் ஒத்துப்போகிறதே என்ற ஒன்றே மோசஸைக் கவிழ்க்கப் போதும். ஒரு கண்ணுக்கு எதிராக இரண்டு கண் என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள். அங்கே இருந்தது ஒரே கண்தான், என்னுடையது. அதைச் சொல்லாமல் அந்த மனிதரைக் காப்பாற்ற வழியில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆட்கள் உட்காரும் முன்பே நின்றபடி பேசத் தொடங்கிவிட்டேன், உட்கார்ந்தால் எழும்ப மாட்டேன் என்று பயம். "எங்கள் இருவரின் தாள்களும் ஒத்துப்போவதாகச் சொன்னேன். அதை நம்பாதீர்கள். நான் என் தாளைத் திறந்து காட்டினேன். பெரியவள் நான் காட்டினால் சின்னவள் எதிர்த்து எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. இரண்டு தாள் இல்லை, ஒரே தாளின் இரண்டு பிரதி. அந்த ஒன்றும் பிழை," என்றேன். பிறகு அந்தத் துண்டைப் போட்டு, மாமியைக் காட்டினேன்.

அப்போது என் பக்கத்தில் கதிரை ஒன்று நிலத்தில் உரசியது. நிருஜா எழுந்து நின்றாள். "அவர் காட்டினார். மாற்றியது நான்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் கவிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், தன் பிழையைத் தானே எழுந்து சொல்லத் தெரிந்த இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

பொறுப்பாளர் அம்மா நீண்ட நேரம் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளை நானும் பார்க்கவில்லையே," என்றார் கடைசியில்.

மோசஸின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பருவம் முழுவதையும் வேறு ஆட்கள் முதலில் இருந்து பதிந்தார்கள். எங்கள் இருவருக்கும் கடிதத்தில் கண்டிப்பு வந்தது, வேலை போகவில்லை. நிருஜாவின் மேசையை மேல்மாடிக்கு மாற்றினார்கள். உங்களில் பாதிப்பேர் மேலே, பாதிப்பேர் கீழே இருப்பதற்குக் காரணம் இடநெருக்கடி என்று சொல்லியிருப்பார்கள். காரணம் நான். திரும்பப் பதிந்த தாள்களில் "தெரியவில்லை" மளமளவென்று கூடியது. கூட்டம் உடைந்ததற்கு இளந்தாரிதான் காரணம் என்று எழுதவிருந்த கட்டுரையில், தொடங்கியது இரண்டு பக்கமும்தான், பல இடங்களில் எங்களுக்குத் தெரியாது என்று எழுதினார்கள். அழகில்லாத முடிவுதான். ஆனால் காட்டில் நடந்ததற்குக் கிட்டவாக இருந்தது.

மேலே போன பிறகு நிருஜா சில கிழமைகள் என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. அலுவலகச் சமையலறையில் கண்டால் இரண்டு பேரும் அறிவிப்புப் பலகையை வாசித்தோம். தீயணைப்புப் பயிற்சி பற்றிய அறிவித்தலை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். ஒருநாள் எனக்கே அந்த இலை பார்க்கிறவர்களின் நினைவு வந்தது. அடுத்த நாள் ஈஸ்ட் ஹாமில் இறங்கி மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன். ஒன்றும் பேசாமல் பையை நீட்டினேன். அவளும் திரும்பாமலே கையை விட்டு ஒன்றை எடுத்தாள்.

"சோஸ் கொண்டரேல்லையோ அக்கா?" என்றாள். முடிந்தது சண்டை.

சில வருடங்கள் கழித்து, என் கடைசி வேலைநாளில் எனக்கு ஒரு துண்டு தந்தார்கள். ஓடைக் கரை. நரைத்த முதுகோடு ஒருவர் இருந்து அந்தப்பக்கத்து ஆண் ஒருவனுக்குப் பேன் பார்க்கிறார். பிரிந்தவர்கள் இப்படித் தொட்டுக்கொள்வது அபூர்வம். விதானையார் சமாதானமாகப் போகிறார் என்று மகிழ்ந்து பதிந்தேன். பின்னேரம் இரண்டு தாளையும் ஒப்பிட்டபோது, நிருஜாவின் தாளில் வேறு பெயர்.

படியிறங்கி வந்தாள். "அக்கா, நீங்கள் போட்டது பிழை. அது விதானையார் இல்லை. இடது காதைப் பாருங்கோ. இந்தப்பக்கத்து மற்றக் கிழவர்."

"எனக்கு அவரைத் தெரியாதோ பிள்ளை? எத்தினை வருசம் பாத்தனான்?"

"பாத்தனீங்கள். ஆனா பிழை."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் அவ்வளவு சந்தோசம், முகத்தில் காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டேன். கடைசியில் துண்டை மோசஸுக்கு அனுப்பினோம். நான் மேசையை ஒதுக்கி, கோப்பையைக் கழுவி, அவர்கள் தந்த பூச்செண்டையும் வாங்கி முடிக்க, பதில் வந்தது.

"இரண்டு பேரும் பிழை. அது இளந்தாரி. அவனுக்கும் முதுகு நரைத்துவிட்டது. நீங்கள் மேசையில் இருக்கிறீர்கள், அதனால் தெரியவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்."

நிருஜா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, திரும்பக் கணினியைத் திறந்து, சமாதானம் ஒன்றுமில்லை, இளந்தாரி தன் பக்கத்து ஆளுக்கே பேன் பார்க்கிறான் என்று, மோசஸ் சொன்னபடி திருத்தி எழுதினேன். என் கடைசிப் பதிவு அதுதான்.